குறி தப்பியது யாரால்? - .22 ரைபிளின் துல்லியத்தை அளப்பது எப்படி?

சினிமாவில் கதாநாயகன் ஓடுகிற ரயிலின் கூரையில் நின்றுகொண்டு, குறியே பார்க்காமல், ஒரே குண்டில் வில்லனின் கைத்துப்பாக்கியைத் தட்டிவிடுகிறார். நாமும் விசில் அடிக்கிறோம். துப்பாக்கி சுடும் போட்டி நடக்கிற இடத்துக்குப் போனால் கதையே வேறு. அங்கே 'ஒரே குண்டு' என்ற பேச்சுக்கு இடமில்லை. அறுபது குண்டு சுட வேண்டும். அறுபதும் ஒரே இடத்தில் போய் விழ வேண்டும்!

அப்படிச் சுட எந்த ரைபிள் நல்ல ரைபிள்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். "நமக்கும் துப்பாக்கிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே. நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, என்.சி.சி.யிலும் இருக்கிறேன். மெட்ராலஜியிலும் குவாலிட்டி கண்ட்ரோலிலும் மார்க்குக்காக நாம் மனப்பாடம் செய்த விஷயமெல்லாம் இந்த விளையாட்டில் உயிரோடு நடமாடுவதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரிம் ஃபயர் என்றால்?

என்.சி.சி.யில் நாம் 'பாயிண்ட் டூ டூ' என்று சொல்லும் .22 ரைபிளின் தோட்டா, ரிம் ஃபயர் வகையைச் சேர்ந்தது. தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும். தீப்பற்ற வைக்கும் மருந்து அந்த விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். டிரிக்கரை இழுத்ததும் ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்குகிறது, மருந்து பற்றுகிறது, குண்டு கிளம்புகிறது. 1887-இல் அமெரிக்காவில் வந்த '.22 லாங் ரைபிள்' என்ற தோட்டாதான் இன்றைக்கும் ஒலிம்பிக் 50 மீட்டர் போட்டியில் ஓடுகிறது.

பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவில் தீப்பற்றும் மூடி தனியாக நடுவில் இருக்கும். சுட்ட பிறகு புது மூடி போட்டு, மருந்தை நிறுத்து அளந்து, போட்டியாளர் தானே மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். ரிம் ஃபயரில் அந்த வேலை நடக்காது. ஃபேக்டரி கொடுப்பதுதான் தோட்டா. ஆகவே .22 போட்டியாளருக்கு இருக்கும் ஒரே வழி, தன் ரைபிளுக்கு ஒத்துப்போகும் தோட்டாவைத் தேடி எடுப்பதுதான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை; ஆனாலும் லாட் நம்பர் மாறினால் குண்டு விழும் விதம் மாறும். இந்த லாட் அந்த ரைபிளில் பிரமாதமாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் அதே மாடல் ரைபிளில் சுமாராக இருக்கும். "அது அந்த ரைபிளோட ராசி" என்பார்கள். ராசியெல்லாம் ஒன்றுமில்லை; சேம்பரிலும் பேரலிலும் மைக்ரான் கணக்கில் இருக்கும் வித்தியாசம். நம் மொழியில் சொன்னால் டாலரன்ஸ்!

பத்து மார்க் எவ்வளவு பெரிசு?

50 மீட்டர் டார்கெட்டில் நடுவில் இருக்கும் 10 மார்க் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. நம் சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 9 மார்க் வட்டம் 26.4 மி.மீ. அதாவது ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம்.

குண்டின் விட்டம் 5.6 மி.மீ. அதன் ஓரம் வட்டக்கோட்டைத் தொட்டாலே அந்த மார்க் கிடைத்துவிடும். பேப்பர் டார்கெட்டில் சந்தேகம் வந்தால் ஓட்டைக்குள் ஒரு பிளக் கேஜை விட்டுப் பார்ப்பார்கள். ஆமாம், நம் லேபில் இருக்கிற அதே பிளக் கேஜ்தான்! கணக்குப் போடுங்கள்: வட்டத்தின் ஆரம் 5.2, குண்டின் ஆரம் 2.8, மொத்தம் 8 மி.மீ. குண்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து. இந்த 8 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இது வரும்.

ஜீரோ எரர் வேறு, சிதறல் வேறு

ஐந்து குண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் மையத்திலிருந்து மூன்று அங்குலம் தள்ளி. இது நல்ல ரைபிளா, கெட்ட ரைபிளா?

சந்தேகமே வேண்டாம், நல்ல ரைபிள்தான். வெர்னியரில் ஜீரோ எரர் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? கழித்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். அதேபோல் சைட்டில் சில கிளிக் திருப்பினால் அந்தக் கொத்து அப்படியே மையத்துக்கு நகர்ந்துவிடும். ஆனால் தாடைகள் ஆடுகிற வெர்னியர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டும். அதை எதைக் கழித்துச் சரிசெய்வது? ரைபிளிலும் அப்படித்தான். கொத்து எங்கே விழுகிறது என்பது சைட்டின் விஷயம். கொத்து எவ்வளவு இறுக்கமாக விழுகிறது என்பதுதான் ரைபிளின் குணம். இதைத்தான் 'குரூப்பிங்' என்கிறோம்.

"என் ரைபிள் 5 மி.மீ. குரூப் போடும்!"

குரூப்பை அளக்க எல்லாரும் செய்வது இதுதான்: அதிகத் தூரத்தில் இருக்கும் இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு நடுவே வெர்னியரை வைப்பது. எளிய முறை. ஆனால் இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன.

முதல் கண்ணி, எண்ணிக்கை. குண்டு எத்தனை அதிகமோ, குரூப் அத்தனை பெரிசாகும். ரைபிள் மாறவில்லை, ஆள் மாறவில்லை. எண்ணிக்கை மட்டும் கூடுகிறது, அவ்வளவுதான். பத்துக் குண்டு குரூப் சராசரியாக 10 மி.மீ. வரும் ஒரு ரைபிளில், ஐந்து குண்டு குரூப் சராசரியாக 8 மி.மீ. வரும். மூன்று குண்டு என்றால் 6.3 மி.மீ.தான்! ஆகவே யாராவது "என் ரைபிள் இத்தனை மி.மீ. போடும்" என்றால் உடனே நாம் கேட்க வேண்டிய கேள்வி: "எத்தனை குண்டில் அண்ணே?"

இரண்டாவது கண்ணி இதைவிட மோசம். அந்த ஐந்து குண்டு குரூப்பின் சராசரி 8 மி.மீ. என்றேனே, ஒவ்வொரு தடவையும் 8 வரும் என்று அர்த்தமில்லை. சுமார் மூன்றில் இரண்டு தடவை 6-க்கும் 10-க்கும் நடுவில் வரும். எப்போதாவது 5 வரும். எப்போதாவது 12-ம் வரும். 5 வந்த பேப்பரைச் சட்டைப் பையில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, 12 வந்ததைக் "காத்து அடிச்சிருச்சு" என்று கசக்கிப் போடுவது மனித சுபாவம். செமஸ்டர் மார்க்கில் அதிகபட்சத்தை மட்டும் வீட்டில் காட்டுவது போல!

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 'அ' லாட்டில் ஐந்து குரூப்: 7, 12, 8, 13, 10 மி.மீ. 'ஆ' லாட்டில்: 9, 10, 9, 11, 10 மி.மீ. "ஏழு வந்திருக்கே, அ-தான் பெஸ்ட்" என்பார் ஒருவர். "பதிமூணும் வந்திருக்கே, ஆ-வையே எடு" என்பார் இன்னொருவர். சராசரி பாருங்கள்: 10, 9.8. இத்தனை குறைந்த குண்டில் இந்த 0.2 மி.மீ. வித்தியாசத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஒரே லாட்டைப் பாதியாகப் பிரித்துச் சுட்டாலும் இப்படி வரலாம். சரியான பதில்: "இன்னும் சுட்டுப் பார்க்கணும்."

இதற்கு இன்னொரு நல்ல அளவும் உண்டு. வெர்னியர் முறை பத்து ஓட்டைகளில் ஓரத்து இரண்டை மட்டும் கேட்கிறது; மீதி எட்டும் வாய் பேச முடியாமல் நிற்கின்றன. அதற்குப் பதில் டார்கெட்டை கிராஃப் ஷீட்டில் ஒட்டி, எல்லா ஓட்டைகளின் நடு மையத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த மையத்திலிருந்து ஒவ்வொரு ஓட்டையும் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுங்கள். இதற்குச் 'சராசரி ஆரம்' என்று பெயர். வேலை கொஞ்சம் அதிகம். ஆனால் அதே பேப்பர், அதே குண்டு, கிடைக்கிற தகவலோ அதிகம். தோட்டா விற்கிற விலையில் இது சாதாரண லாபமில்லை.

சோதனை போடும் முறை

லைசென்ஸ் உள்ள கிளப் ரேஞ்சில், பொறுப்பாளர் முன்னிலையில் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

1. முதலில் ஸ்பேனர் வேலை. ரைபிளைக் கட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் திருகுகள், சைட்டின் திருகுகள் எல்லாம் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. தளர்ந்த ஒரு திருகு எந்த நல்ல பேரலையும் கெடுத்துவிடும்.

2. ரைபிளை மணல் மூட்டையின் மேலோ, கிளாம்பிலோ வையுங்கள். இப்போது நாம் அளப்பது ரைபிளையும் தோட்டாவையும்தான், ஆளை அல்ல.

3. பேரலைச் சுத்தம் செய்த பிறகும், தோட்டா வகையை மாற்றிய பிறகும், முதல் பத்துப் பதினைந்து குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டின் மேல் பூசிய மெழுகு பேரலுக்குள் படிந்து நிலைப்பட வேண்டும்.

4. காற்று அடங்கிய காலை நேரம் உத்தமம். வழியில் இரண்டு மூன்று இடத்தில் துணிக்கொடி கட்டுங்கள்.

5. ஒவ்வொரு லாட்டிலும் பத்துக் குண்டு வீதம் நான்கு குரூப்பாவது சுடுங்கள். 'அ' முழுவதும் முடித்துவிட்டு 'ஆ' என்று போகக்கூடாது. அ, ஆ, அ, ஆ என்று மாற்றி மாற்றிச் சுட வேண்டும். இல்லையென்றால் காலைக் காற்றின் புண்ணியம் 'அ'வுக்கும், பதினோரு மணி வெயிலின் பாவம் 'ஆ'வுக்கும் போய்ச் சேரும்.

6. தனியாக விலகி விழுந்த குண்டைக் கணக்கிலிருந்து தூக்காதீர்கள். டிரிக்கர் விழுந்த அந்த நொடியிலேயே, டார்கெட்டைப் பார்க்கும் முன், "இது நான் இழுத்துட்டேன்" என்று சொன்னால் மட்டும் விதிவிலக்கு. பார்த்த பிறகு சொல்வது சமாதானம்.

7. நான்கு குரூப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எஞ்சினியரிங் டிராயிங்குக்கு வாங்கி மீந்துபோன டிரேசிங் பேப்பரில் எடுங்கள். எல்லாக் குரூப்பிலும் நாம் குறிபார்த்த புள்ளி ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். நாற்பது ஓட்டைகளும் ஒரே படத்தில் தெரியும்போது அந்த ரைபிளின் உண்மை முகம் தெரிந்துவிடும்.

இதையே பெரிய அளவில் தோட்டாக் கம்பெனிகளும் செய்கின்றன. இங்கிலாந்தில் பர்மிங்காமில் உள்ள எலி, ஜெர்மனியில் தொழிற்சாலை வைத்திருக்கும் லாப்புவா போன்றவர்களிடம் போட்டியாளர்கள் ரைபிளோடு போவதுண்டு. ரைபிளை கிளாம்பில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போன லாட்டை மொத்தமாக வாங்கிக்கொண்டு வருவார்கள்.

நாற்பது ஓட்டை படத்தில் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் தோட்டாவின் வேகத்தைச் சந்தேகப்படுங்கள். போட்டித் தோட்டா நொடிக்குச் சுமார் 330 மீட்டரில் கிளம்புகிறது. 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.16 நொடி. அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதைச் சுமார் 12 செ.மீ. கீழே இழுத்துவிடும். வேகம் ஒரு சதவீதம் மாறினால் இந்த இறக்கம் இரண்டு சதவீதம், அதாவது 2.4 மி.மீ. மாறும். மூன்று சதவீதம் மாறினால் 7 மி.மீ.! 8 மி.மீ. எல்லைக்குள் எவ்வளவு மிச்சம் பார்த்தீர்களா?

பக்கவாட்டில் நீண்டிருந்தால் காற்று. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, கொடியை மெதுவாக அசைக்கும் அவ்வளவுதான். அதுவே குண்டை 6 முதல் 8 மி.மீ. வரை தள்ளிவிடும். ஏறக்குறைய ஒரு மார்க் போச்சு.

எவ்வளவு துல்லியம் போதும்?

இப்போது அந்த 8-க்கு வருவோம். காற்றும் ஆளும் ஒரு தப்பும் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குண்டு பத்துக்குள் விழ வேண்டுமானால், ரைபிளும் தோட்டாவும் சேர்ந்து ஐந்து குண்டுக்குச் சராசரி 8 மி.மீ., பத்துக் குண்டுக்குச் சராசரி 10 மி.மீ. குரூப் தர வேண்டும். பிரமாதமான ரைபிள்தான். ஆனாலும் அறுபது குண்டும் பத்தாக விழும் வாய்ப்பு? 0.99-ஐ அறுபது தடவை பெருக்கினால் 0.55. பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்!

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெலாரஸின் செர்கே மார்ட்டினவ் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் 600-க்கு 600 எடுத்தார். மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணின் எடை எனக்குப் புரிந்தது. ஆளும் ரைபிளும் தோட்டாவும் காற்றுக் கணிப்பும் நான்கும் ஒன்றாக நிற்க வேண்டும்.

ரைபிள் மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் பைதாகரஸ் வருகிறார். ரைபிளின் சிதறலும் ஆளின் சிதறலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அவற்றை 3 + 4 = 7 என்று கூட்டக்கூடாது. செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் போல வைத்தால், கர்ணம்தான் மொத்தச் சிதறல். 3-ம் 4-ம் சேர்ந்தால் 5.

ரைபிளின் சிக்மா 3 மி.மீ., ஆளின் சிக்மா 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5. அப்போது அறுபது குண்டில் சராசரியாக 43 பத்து விழும். கடன் வாங்கிப் புது ரைபிளும் உயர்ந்த தோட்டாவும் வாங்கி, ரைபிள் பக்கத்தைப் பாதியாக, 1.5 ஆக்கிவிட்டோம். மொத்தம் 4.3, பத்துகள் 50. ரைபிளைத் தொடாமல் ஆளின் பக்கத்தைப் பயிற்சியால் பாதியாக, 2 ஆக்கினால்? மொத்தம் 3.6, பத்துகள் 55! எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கத்தை வெட்டுவதில்தான் லாபம்.

அதனால்தான் கிளாம்பில் சோதித்து முடித்த ரைபிளை, கடைசியில் போட்டியில் சுடுவது போலவே தோளில் வைத்து, சிலிங் மாட்டி, அறுபது குண்டு சுட்டுப் பார்க்க வேண்டும். கிளாம்பில் முதலிடம் வந்த ரைபிள் நம் தோளுக்கு ஒத்துவராமல் போகலாம். கட்டை நீளமாக இருக்கலாம், டிரிக்கர் விரலுக்கு எட்டாமல் இருக்கலாம். கிளாம்பு அளவையும் தோள் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் பெரிசாக இருந்தால் காசு செலவழிக்க வேண்டிய இடம் ரைபிள் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினாரே நம் ரயில்வே ஊழியர் ஸ்வப்னில் குசாலே, அவர் தகுதிச் சுற்றில் எடுத்தது 600-க்கு 590. முழங்காலிட்டு, படுத்து, நின்று என மூன்று விதமாகவும் அதே ரைபிளை அசையாமல் பிடிக்க அந்த உடம்பு எத்தனை ஆண்டு பழகியிருக்கும்!

ஐந்து ரவுண்டும் ஒரு மனிதனும்

நம் முகாமில் 25 மீட்டரில் ஐந்து ரவுண்டு கொடுப்பார்கள். வரிசையில் நிற்கும்போதே, "டேய், மூணாம் நம்பர் ரைபிள் ராசியானது, அதுல போய்ப் படு" என்று காதில் சொல்வார்கள். முதல் தடவை சுடுகிற ஒருவனின் குரூப் 10 செ.மீ. என்று வையுங்கள். அதில் ரைபிளின் பங்கு 2 செ.மீ. என்றே வைப்போம். ரைபிளின் பங்கை முழுசாகப் பூஜ்யம் ஆக்கினாலும் குரூப் 9.8 செ.மீ.தான். மூன்றாம் நம்பரும் ஏழாம் நம்பரும் அவனுக்கு ஒன்றுதான். அவனுக்கு வேண்டியது வேறு ரைபிள் இல்லை; மூச்சைப் பிடிக்கவும் டிரிக்கரை மெதுவாக அழுத்தவும் சொல்லித் தர ஒரு ஆள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு குரூப்பை வைத்து ரைபிளைத் தீர்மானிக்கக்கூடாது என்று இவ்வளவு நேரம் பார்த்தோமே, அது மனிதனுக்கும் பொருந்தும். ஐந்தே ரவுண்டு. காலிங் காட்டிய குரூப் 5 வந்தவனை டீமில் சேர்த்து, 12 வந்தவனை "உனக்கு வராதுப்பா" என்று அனுப்பிவிட்டால், ஒரே திறமை உள்ள இருவரில் ஒருவனை நாணயம் சுண்டி ஒதுக்கியது போலத்தான். அந்தப் பன்னிரண்டுக்காரன் மறுபடி ரேஞ்ச் பக்கமே வராமல் போய்விடலாம். ரவுண்டுகள் குறைவு, நேரம் குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் இரண்டு மூன்று முகாமின் டார்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் பெயர் எழுதி வைத்து, சேர்த்துப் பார்க்கலாமே. பேப்பருக்கும் பென்சிலுக்கும் ஆகும் செலவு எவ்வளவு?

ஆகவே ஜூனியர் தம்பி தங்கைகளே, அடுத்த முகாமிலிருந்து உங்கள் டார்கெட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். நல்லது, கெட்டது எல்லாவற்றையும் தேதி போட்டு வையுங்கள். நம் மெட்ராலஜி லேபில் வெர்னியர் இருக்கிறது. கிராஃப் ஷீட்டுக்கும் பஞ்சமில்லை. சாயங்காலம் வாருங்கள், சேர்ந்து அளப்போம்.